ஓய்வுக்குப் பின் ஒரு வழித்துணை

தோட்டத்தில் முப்பது, நாற்பது வருடம் பேர் போட்டவருக்கு ஓய்வின் முதல் மாதங்களில் கைக்குக் காசு வரும். கொஞ்ச நாள் போனால் பேச ஆள் இருக்காது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் பலருக்கு நடப்பது இதுதான். பிரட்டுக்களத்து ஏச்சும் சிரிப்பும், மலையில் நிரை பிடித்து நிற்கும்போது ஓடுகிற பேச்சும் சம்பளத்தோடு சேர்ந்தே நின்றுவிடுகின்றன. ஸ்டாஃப் ஆட்களுக்கு இன்னும் கஷ்டம். குவாட்டர்ஸைக் கொடுத்துவிட்டு ஹட்டனிலோ கினிகத்தேனையிலோ குடியேறினால் பக்கத்து வீட்டு முகம்கூடப் புதிது. லக்ஷபான மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்கும் இதே கதைதான்.

இதற்கு நான் சொல்லும் மருந்து பயணம். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிற பயணம் உதவாது. ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு போக வேண்டும், அதே வழியில் அடுத்த வருடமும் போக வேண்டும். வாழ்நாள் முழுக்க வேலைதான் நமக்குச் சிநேகிதர்களைத் தந்தது. ஓய்வுக்குப் பிறகும் அதுவே தரும்.

அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் கட்டிலும் அடுப்பும் உள்ளேயே வைத்த வண்டியில் மாதக்கணக்காக ஊர் சுற்றுகிறார்கள். அங்கேயும் தனிமை உண்டு. அதனால் 1978இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கம் பிறந்தது. வண்டி ஓட்ட முடியாமல் தளர்ந்துபோனவர்களைப் பார்த்துக்கொள்ள டெக்ஸஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஓர் இடமே வைத்திருக்கிறார்கள். பலர் முகாம் மைதானங்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்று, அதற்குப் பதிலாக வண்டி நிறுத்த இடத்தை இலவசமாகப் பெறுகிறார்கள். வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் முதலில் தேடுவது அவர்களைத்தான். அந்த வண்டி நமக்குத் தேவையில்லை, அந்தப் பொறுப்புத்தான் தேவை.

நம்மிடம் அதற்கான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கதிர்காமப் பாதயாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோடு இறங்கி, உகந்தை முருகன் கோயிலில் கூடி, குமண, யால காடுகளுக்குள் நுழைந்து கதிர்காமம் சேருகிற நடை இது. யுத்தத்தால் அறுந்துபோய், 1988இல் மறுபடி உயிர் பெற்றது. முழுவதும் நடக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மலையகத்திலிருந்து போகிறவர்கள் பதுளை, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கி, பாணமை தாண்டி உகந்தையில் சேர்ந்துகொள்ளலாம். அங்கிருந்து காட்டுப்பாதை ஐந்து நாளளவில் முடியும். காட்டுப்பாதை திறக்கும் திகதியை ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அந்த நடையில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’தான். துரை, கிளாக்கர், தொழிலாளி என்ற வரிசையிலேயே வயதைக் கழித்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! மாலையில் ஆற்றங்கரையில் இறங்கியதும் விறகு, தண்ணீர், அடுப்பு, பஜனை என்று வேலை பிரியும். அங்கேதான் உங்கள் பழைய தொழில் கைகொடுக்கும். டீமேக்கராக இருந்தவர் ஐம்பது பேருக்குப் பதமாகத் தேநீர் போடுவார். கணக்கப்பிள்ளை குழுவின் பொதுக்காசைப் பார்த்துக்கொள்வார், இரவில் ஆள் எண்ணிச் சரிபார்ப்பார். தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவார், அவரை வழி முழுக்க எல்லோரும் தேடி வருவார்கள். கொழுந்தெடுத்த அம்மாமாருக்கோ ஒருநாள் முழுக்க நிற்கவும் சுமக்கவும் பழக்கம், காடு அவர்களை மிரட்டாது. முதல் நாளே குழுவை நடத்துகிறவரிடம் போய், “எனக்கு இது தெரியும், செய்யட்டுமா?” என்று கேளுங்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று ஓரமாக உட்கார்ந்தால் கடைசி நாள்வரை ஓரமாகவே இருப்பீர்கள்.

பருவமும் நமக்கு ஒத்து வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேல் பருவமழை நோட்டன் பிரிட்ஜில் கொட்டித் தீர்க்கும்போது கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும். குளிரில் மூட்டு வலியோடு லயத்துக்குள் முடங்குகிற மாதங்களில்தான் யாத்திரை வருகிறது. கத்தோலிக்கர்களுக்கு மடு மாதா கோயில் இருக்கிறது. ஆகஸ்ட் 15 பெருவிழாவுக்கு மரநிழலில் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்கள். அமெரிக்க வண்டி முகாமுக்கு இலங்கையில் மிக நெருங்கியது இதுதான் என்பேன். பக்கத்துக் கூடாரத்துக்கு உப்பும் தீப்பெட்டியும் கொடுத்து வாங்குகிறபோது பழக்கம் தானாகப் பிறக்கிறது. தமிழரும் சிங்களவரும் ஒரே மைதானத்தில் தங்குவதால் தோட்டத்தில் பழகிய அரைகுறைச் சிங்களமும் அங்கே செல்லுபடியாகும்.

காசு விஷயம். 2021இன் 28ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலையை விட்டவர்களில் ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் பெறலாம். 1983இன் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஐந்து வருடச் சேவை முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். இந்தக் காசில் வேன் வாங்கவே வாங்காதீர்கள். பயணத்துக்கென்று வாங்கிய வண்டி ஹயர் ஓடப் போய்விடும், அதோடு பிள்ளைகளுக்குள் சண்டையும் வரும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதச் சீட்டுப் போல ஒரு தொகை கட்டி வாருங்கள், பயணத்துக்கு வேனை வாடகைக்குப் பிடியுங்கள். சீட்டுக் கட்டுகிற நாளில் ஒரு வீட்டில் கூடுவீர்கள் அல்லவா, சிநேகம் அங்கேயே தொடங்கிவிடும். அந்தப் பத்துப் பேரில் பாதிப்பேராவது வேறு டிவிஷன், வேறு தோட்டமாக இருக்கட்டும். தெரிந்தவர்களாகவே ஏறினால் பழைய கதையையே கதிர்காமம்வரை பேசிவிட்டுத் திரும்புவீர்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற அம்மாவைப் பேரப்பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு மருமகள் மலைக்குப் போவது பல வீடுகளில் நடப்பு. அம்மாவுக்கும் வருடத்தில் இரண்டு கிழமை அவளுடையதாக இருக்க வேண்டும். அதை ஆறு மாதம் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. ஒரே லயத்திலிருந்து இரண்டு பேராகக் கிளம்புங்கள். தேசிய அடையாள அட்டை, சீனிக்கும் பிரஷருக்குமான மருந்துகள், கிளினிக் கொப்பி மூன்றும் உடம்போடு இருக்கிற பையில் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனில் பதிந்த நம்பர் போனோடு போய்விடும், ஒரு கொப்பியில் எழுதுங்கள். தைப்பொங்கலுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பேசுங்கள். மட்டக்களப்புச் சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தால் பஸ் காசு பார்க்காமல் போய் வாருங்கள். நம் தோட்டங்களில் மரணாதாரச் சங்கம் இருக்கிறதே, மாதம் சிறு தொகை கட்டி, சாவு விழுந்த வீட்டுக்குக் கைகொடுக்கிறது. யாத்திரைக் குழுவும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நோயில் படுத்தவரைப் பார்க்கப் போக ஒரு சின்னப் பொதுநிதி போதும்.

முழங்கால் இடம் கொடுக்காதவர்கள் மனம் விட வேண்டாம், உங்களுக்கு வாசலிலேயே வேலை இருக்கிறது. மார்கழியில் வரும் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் போயாவரை சிவனொளிபாதமலைப் பருவம். 2,243 மீட்டர் உயரச் சிகரத்துக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏற வருகிற வண்டிகளில் நிறையப் பேர் கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வழியாகத்தான் மஸ்கெலியாவுக்குப் போகிறார்கள். நாடே நம் வாசலால் போகிறது. சிங்களக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களை ‘நடே குரா’ எனும் மூத்தவர் ஒருவர் கூட்டிவருவது பழைய வழக்கம், அவரும் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரராகவே இருப்பார். அவரிடம் பேச்சுக் கொடுங்கள், அடுத்த வருடமும் அதே ஆட்களை அழைத்துக்கொண்டு அவர் வரக்கூடும். வழியில் அன்னதானம், பிளேன்டீ கொடுக்கிற குழுக்களில் சேர, பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் கோயில் கமிட்டியிடம் பேர் கொடுங்கள். போயாவுக்கும் சனி ஞாயிறுக்கும் இளைஞர்கள் வந்துவிடுவார்கள். ஆள் தேவைப்படுவது கிழமை நாட்களின் இரவில்தான், அந்த முறையைக் கேட்டு வாங்குங்கள்.