ஊரோர வயலும் வடிச்சல் வாய்க்காலும்

கல்முனைக் கரையோரத்து ஊர்களில் நிலம் போதாது என்பது யாவரும் அறிந்ததே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலேயே வீடும், கடையும், பாடசாலையும், பள்ளிவாசலும், கோயிலும் நெருங்கி நிற்கின்றன. பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணம் முடித்து வைத்தல் இப்பகுதி முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் நெடுங்காலமாக உள்ள வழக்கம். மூன்று பெண்களைப் பெற்ற தந்தை தமது வளவை மூன்றாகப் பிரிக்கின்றார். அப்பெண்களுடைய பெண்களின் காலத்திற் பிரிப்பதற்கு வளவு இல்லை. அப்பொழுது குடும்பத்தாரின் கண் மேற்கே வயலை நோக்கித் திரும்புகின்றது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை இத்தேவையைப் பன்மடங்காக்கியது. கடலோரத்தில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என முதலில் அறிவிக்கப்பட்டது. அவ்வெல்லை பின்னர் குறைக்கப்பட்டதாயினும், அலையைக் கண்ணாற் கண்டவர்கள் மேற்கேயே இடந்தேடினர். அவர்களைக் குறைகூறுதல் நியாயமன்று. எனினும் ஊரோர வயலை வெற்றுநிலம் என்று எண்ணுதல் பெரும் பிழையாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வரம்பு கட்டிய ஓர் ஏக்கர் வயலில் அரையடி உயரத்துக்கு மழைநீர் நின்றால் அது 21,780 கன அடியாகும். அதாவது 6 இலட்சம் லீற்றருக்கு மேல். பெரும்போக மழைக்காலத்தில் இத்தனை நீரையும் ஓர் ஏக்கர் தாங்கி நின்று மெல்ல மெல்ல வடிய விடுகின்றது. இனி அவ்வயலிற் பத்துப் பேர்ச் காணியை நாலடி உயரத்துக்கு நிரப்புவதற்கு ஏறக்குறைய 109 கியூப் மண் வேண்டும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரானால் 36 முறைக்கு மேல் வந்து கொட்ட வேண்டும். அம்மண் இருந்த இடத்தில் இனி நீர் நிற்காது. அந்நீர் அயலவரின் வயலுக்கோ, அயலவரின் வீட்டுக்கோதான் செல்லும்.

இதனிலும் பெரிய கேடு வடிச்சல் அடைபடுதல். கரைவாகு வட்டை போன்ற கரையோர வயல்கள் தாழ்ந்தவை. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் நீருக்கும், மேல் வயல்களிலிருந்து கழியும் நீருக்கும் இவையே கடைசி இடம். ஆகவே இங்கு வேளாண்மைக்கு நீர் பாய்ச்சுதல் எவ்வளவு முக்கியமோ, நீரை வடியவைத்தலும் அவ்வளவு முக்கியம். ஒருவர் வீதியோரத் துண்டை நிரப்பும்போது அதன் ஓரத்து வாய்க்காலும் மண்ணுள் அடங்கி விடுகின்றது. அடுத்த வயலில் நீர் தேங்குகின்றது. இளம்பயிர் முழுவதும் மூழ்கி ஒரு வாரம், பத்து நாள் கிடந்தாற் பெரும்பாலான நெல்லினங்கள் அழுகிப் போகும். அழுகாது தப்பினாலும் அறுவடைக் காலத்தில் நிலம் காயாமையால் அறுவடை இயந்திரம் புதைகின்றது. இரண்டு போகம் நட்டப்பட்ட கமக்காரர் மூன்றாம் போகத்திற் கைவிடுகின்றார். கைவிட்ட வயலிற் சப்புச் சவறு கொட்டப்படுகின்றது. புல்லும் சல்வீனியாவும் மூடுகின்றன. “இது விளையாத நிலந்தானே” என்று சொல்லி அதனையும் நிரப்புகின்றனர். அந்நிலம் தானாக விளையாமற் போகவில்லை; விளையாதபடி செய்யப்பட்டது. பின்னர் அதற்கடுத்த வயலின் முறை வருகின்றது.

நீர் தன் வழியை மறப்பதில்லை. ஊருக்குள் தோணா வழியாகக் கடலுக்குச் செல்ல வேண்டிய நீர், தோணாவின் கரைகள் ஒடுங்கியதால் மழைக்காலந்தோறும் குடிமனைகளுக்குட் புகுகின்றது. கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் மேற்கேயுள்ள ஊர்களுக்குப் போக்குவரத்து நின்று விடுகின்றது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரப் பெட்டி நீரால் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரை இப்பகுதியார் எவரும் மறந்திலர். சென்னை நகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும் பகுதி கட்டடங்களுக்கு இடமாயிற்று. 2015ஆம் ஆண்டு மழையில் அப்பகுதிக் குடியிருப்புகளில் வெள்ளம் தேங்கி நின்றது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். உறுதியில் விற்பவரின் பெயர் சரியாயிருப்பது மட்டும் போதாது. வயற்காணி வாங்க விரும்புவோர் முற்பணம் கொடுக்குமுன் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, அக்காணி நெற்காணிப் பதிவில் உள்ளதா என்று விசாரித்தல் வேண்டும். மகளுக்கென வாங்கிய துண்டில் அத்திவாரமும் இட முடியாது பணம் முடங்கிக் கிடத்தல் எவருக்கும் நேரக்கூடாத இடர்.

அனுமதி பெற்றுக் கட்டுவோரும் வாய்க்காலின் அகலத்தைக் குறைத்தலாகாது. வாய்க்காலுக்குக் குறுக்கே வழி அமைக்கும்போது சிறு குழாயைப் பதித்து மண் மூடுதல் பலரும் செய்யும் தவறு. ஓரடி விட்டமுள்ள குழாய்கள் இரண்டு, இரண்டடி விட்டமுள்ள ஒரு குழாய்க்கு ஈடாகா, குறைந்தது நான்கு வேண்டும். அவையும் சப்புச் சவற்றால் விரைவில் அடைபடும். ஆகையாற் திறந்த மதகே நன்று. முழு வளவையும் உயர்த்தாது, தூண்களின் மேல் வீட்டை எழுப்பினால் மண் செலவும் குறையும், நீருக்கும் இடமிருக்கும். இருக்கும் வீட்டின் மேல் மாடி கட்டுவதற்கு அத்திவாரம் தாங்குமாயின், அதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி.

மணற்பாங்கான வளவுகளிற் கத்தரி, வெண்டி, மிளகாய், கீரை செய்வோருக்கும் இதிற் பங்குண்டு. கரையோரக் கிணறுகளின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகும். மழைநீர் மண்ணில் ஊறுவதாலேயே அது நிலைக்கின்றது. முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடினால் ஊறுவது குறையும். அளவுக்கு மேல் நீரிறைத்தால் உவர் ஏறும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருத்தல் வேண்டும். பசளையையும் சிறிது சிறிதாகப் பிரித்து இடுக. மணலில் ஒரே முறையிற் கொட்டிய யூரியாவின் ஒரு பகுதி பயிருக்குச் சேராது கிணற்றுக்குச் சென்று விடும்.

வட்டையிலுள்ளோர் செய்யத்தக்க எளிய வேலை ஒன்று உண்டு. மழை தொடங்குமுன், வடிச்சல் வாய்க்காலில் அங்குலக் கோடிட்ட கம்பு ஒன்றை நடுக. பெருமழைக்குப் பின் நீர் எத்தனை அங்குலம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்பதை ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வருக. முன்பு நாலு நாளில் வடிந்தது இப்பொழுது பத்து நாள் எடுக்குமானால் எங்கோ அடைப்பு உண்டு. வாய்க்கால் நெடுகிலும் நடந்து சென்று அவ்விடத்தைக் கண்டுபிடித்து, கமக்கார அமைப்பின் மூலம் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறையிடுக. அக்கொப்பியையும் உடன் கொண்டு செல்க. போக ஆரம்பக் கூட்டத்திலும் அதனைக் காட்டுக.