பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எந்த மெட்டு ஏறுவது?

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், லீவுக்கு எங்கே போனீர்கள் என்று வகுப்பில் கேட்பது என் வழக்கம். தேவாரத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் மூணாறு என்பார்கள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. வேனில் வாந்தி எடுத்தது, தம்பி அழுதது, அப்பா டிரைவரைத் திட்டியது, இவ்வளவுதான் ஞாபகம். பெற்றோரைக் கேட்டால், “எல்லாரும் போறாங்க சார், பிள்ளையும் கேக்குது” என்கிறார்கள். யாரோ ஒரு மச்சான் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். அதைப் பார்த்து வேன் பிடித்திருப்பார்கள். தன் பிள்ளை எத்தனை மணி நேரம் வண்டியில் உட்காரும், எதைப் பார்த்தால் அதற்குக் கண் விரியும் என்று யோசித்துக் கிளம்பியவர்கள் குறைவு. அப்படி யோசிக்காமல் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சுருளி அருவியும் கும்பக்கரையும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. மலையில் மழை பெய்து வெள்ளம் வந்தாலும், யானை நடமாட்டம் இருந்தாலும் குளிக்க விடமாட்டார்கள். அன்று காலையிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தடை என்றால் போக இன்னொரு இடத்தையும் மனதில் வைத்திருங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஏற்றினால் ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் சிறுவர் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் சட்டமே இருக்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

வைகை அணை கைக்குழந்தைக்காரர்களுக்கு நல்லது. பூங்கா, நிழல், சமதரை. மேகமலைக்குச் சின்னமனூர் வழியாக 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். 2021 முதல் அது புலிகள் காப்பகம், மாலைக்குள் சோதனைச்சாவடி தாண்டித் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். எட்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். தேக்கடியில் படகு ஏறினால், கரையிலேயே பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் உங்கள் கையால் இறுக்குங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இந்தப் பள்ளத்தாக்கு மறக்கக் கூடாது.

இனி மூணாறு. ஊர் அழகான ஊர்தான். காலையில் வேன் ஏறி ராத்திரி வீடு திரும்பும் ஒருநாள் மூணாறைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். போடியிலிருந்தே சுமார் 70 கிலோமீட்டர். தேவாரத்திலிருந்து போடிவரை போகும் தூரம் தனி. முந்தல் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு பூப்பாறை, கேப் ரோடு, தேவிகுளம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் போனால் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். மே மாதத்தில் ஊருக்குள் நுழையும் இடத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும். ஆக, பிள்ளை தரையில் கால் வைப்பது இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோதான். அதிலும் பாதி நேரம் சாப்பாட்டுக் கடையிலும் கழிப்பறை வரிசையிலும் போய்விடும்.

வாந்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி வளைவதை உள்காது உணர்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்து எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் வயிறு புரட்டுகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம், அதாவது நாம் வேனில் அடைத்துக் கொண்டுபோகும் அதே வயது. பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று வளைவில் போனைக் கையில் கொடுத்தால் வாந்தியை நாமே வரவழைக்கிறோம். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிளம்பும்போது பூரியும் வடையும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவற்றில் சில இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாதவை.

வண்டியையும் பாருங்கள். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வேனில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளை மடியில் வைத்து இருபது பேர் ஏறுகிறார்கள். மஞ்சள் போர்டும் கேரள பெர்மிட்டும் இல்லாத வண்டியில் மலை ஏறி இறங்குவதற்கு, பிள்ளையின் உயிரை விடப் பெரிய அவசரம் என்ன இருக்கிறது? பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளம் பூங்காவை அப்போது மூடிவிடுவார்கள். வரையாடு காட்டுகிறேன் என்று பிள்ளைக்குச் சொல்லி அழைத்துப் போய், மூடிய கேட்டைக் காட்டாதீர்கள்.

மூணாறு போகத்தான் வேண்டுமென்றால் பிள்ளைக்குப் பத்து வயது ஆகட்டும். இரண்டு ராத்திரி தங்கக் காசு சேரட்டும். குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அதைக் காட்டுகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள். காத்திருந்து பார்ப்பதும் பிள்ளை கற்க வேண்டிய ஒன்று.

என் விருப்பம் எது என்று கேட்டால், தயங்காமல் லோயர் கேம்ப் என்பேன். தேவாரத்துப் பிள்ளைகளுக்கு 18-ம் கால்வாய் தெரியும். தண்ணீர் வந்தால் கண்மாய் நிறைவதும் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், விழிப்பார்கள். தண்ணீர் திறந்திருக்கும் பருவத்தில் அரசுப் பேருந்தில் கூடலூர் தாண்டிக் கூட்டிப் போங்கள். ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி மின்நிலையத்துக்குள் நுழைவதைக் காட்டுங்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை, 1895-ல் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள் என்று சொல்லுங்கள். அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் அங்கேயே இருக்கிறது, 2013-ல் திறந்தது. தை மாதத்தில் அவர் பிறந்தநாளுக்கு அங்கே பொங்கல் வைக்கிறார்கள், அந்த நாளில் போனால் இன்னும் நல்லது. திரும்பும் வழியில் ஏதாவது ஒரு திராட்சைத் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பந்தலுக்கு அடியில் நின்று பன்னீர் திராட்சைக் குலையை அண்ணாந்து பார்த்த பிள்ளை, அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த கதையையும் காதுகொடுத்துக் கேட்கும். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் வேன் வாடகையில் சிறு பங்குகூட ஆகாது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ராமக்கல்மேடு. கம்பம்மெட்டு வழியாகப் போய் அந்த உச்சியில் நின்றால் கோம்பையும் தேவாரமும் காலுக்குக் கீழே கிடக்கும். தன் ஊரை மேலிருந்து பார்க்கிற பிள்ளை கேட்கிற கேள்விகளுக்கு முடிவே இருக்காது. காற்று ஆளைத் தள்ளும்; கையை விடாதீர்கள்.

ரயிலையும் மறந்துவிடாதீர்கள். 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில், தேனி வரை 2022-லும் போடி வரை 2023 ஜூனிலும் அகலப்பாதையில் திரும்பி வந்தது. காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் போடியிலிருந்து திரும்பும் வண்டி அது. ஆகவே முதல் நாள் பஸ்ஸில் மதுரைக்குப் போய், கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் பிள்ளையை விட்டுவிடுங்கள். காந்தி அருங்காட்சியகமும் பக்கம்தான். இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ரயிலில் திரும்பினால், ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிய வழியும் காற்றாலைகளும் ஜன்னலோரத்தில் வரும். 5 வயதுக்குள் டிக்கெட் இல்லை, 12 வரை அரை டிக்கெட். வளைவு இல்லாததால் வாந்திப் பேச்சே இல்லை, நடக்கவும் இடம் உண்டு.

எங்கே போனாலும் ஒரு நாளைக்கு ஒரே இடம். ஒரு பிள்ளைக்கு இயந்திரம் பிடிக்கும், ஒரு பிள்ளைக்குப் புழு பூச்சி பிடிக்கும், ஒன்று தண்ணீரில் கல் எறிந்துகொண்டே சாயங்காலம் வரை இருக்கும். எறியட்டும். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அண்ணன் மகன் மலை ஏறினான் என்பதற்காக உங்கள் மகளும் ஏற வேண்டியதில்லை. அவளுக்கு எது வரும் என்பதைக் கூடவே இருந்து பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு லீவை விட நல்ல காலம் பெற்றோருக்குக் கிடையாது.

பயணமே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களை இழுத்துக்கொண்டு எந்த மெட்டும் ஏறாதீர்கள். அம்மாச்சி வீட்டில் பத்து நாள் விடுங்கள். காலையில் தாத்தாவோடு தோட்டத்துக்குப் போய் வரட்டும்.