காட்டுப்பன்றிக்கு எந்த ரைஃபிள்? வாங்க நினைக்கும் முன் ஒரு வழிகாட்டி

மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் எண்ணூர் தொழிற்சாலைகளிலும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுகளிலும் ஷிப்டு பார்ப்பவர்களில் பலருக்குத் தென்காசி, தர்மபுரி, வேலூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே அப்பாவோ அண்ணனோ மக்காச்சோளமோ நிலக்கடலையோ மரவள்ளியோ போட்டிருப்பார். ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் புகுந்து நிலத்தையே கிளறிப் போட்டுவிட்டது என்று ஊரிலிருந்து போன் வரும். மனசு கொதிக்கிற அந்த நேரத்தில்தான் கைபேசியில் அமெரிக்க வீடியோ கண்ணில் படுகிறது: கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வளையத்தைச் சடக்கென்று இறக்கி ஏற்றி, பெரிய தோட்டாவால் பன்றியைச் சாய்க்கிறார்கள். ராயபுரத்தில் கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகள், “அண்ணே, அங்க கடையிலயே விக்கிறான், ஒண்ணு வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள்.

பயிரை இழந்தவரின் கேள்வி இது. அதனால் துப்பாக்கியைப் பற்றியும் சொல்கிறேன், நம் ஊரில் அதைவிட வேகமாகப் பயன் தரும் வழியையும் சொல்கிறேன்.

துப்பாக்கியின் கணக்கு

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் தமிழர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது தூரம். வீடியோவில் பார்க்கும் அந்த வளையம் வைத்த லீவர் ஆக்ஷன் ரைஃபிள் புதருக்குள், கிட்டத்தில் சுடுவதற்கு உருவானது. இதில் பெருந்துளைத் தோட்டாக்களில் பேர்போனது .45-70. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த இந்தத் தோட்டாவின் குண்டு 19 முதல் 26 கிராம் வரை எடை இருக்கும். மார்லின் 1895 ரைஃபிள் இதற்குத்தான் பெயர் பெற்றது. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம்போல் தடித்த குருத்தெலும்புத் தோல் உண்டு. கனமான குண்டு மெதுவாகப் போனாலும் அதைத் துளைத்து உள்ளே இறங்கும். ஆனால் 100 மீட்டருக்குக் குறி நேர்செய்து வைத்த அதே ரைஃபிளில் 200 மீட்டரில் சுட்டால் குண்டு ஓரடிக்கும் மேல் கீழே இறங்கிவிடும். திறந்த வெளியில் தொலைவிலிருந்து சுடுவதற்கு இது ஏற்றதல்ல.

அடுத்தது உதை. .45-70 தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவர் பன்றியைக் காயப்படுத்தி விடுவார். காயம்பட்ட பன்றியைப் புதருக்குள் தேடிப் போவதைப்போல ஆபத்தான வேலை வேறில்லை. புதியவருக்கு .30-30 போதும் என்பதே என் கருத்து. 10, 11 கிராம் குண்டு, தாங்கக்கூடிய உதை, சரியான இடத்தில் பட்டால் பன்றிக்கு நிறையவே போதும். அடர்ந்த புதரில் 50, 60 மீட்டருக்குள் என்றால் .44 மேக்னம்கூட வேலை செய்யும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்கும் தோட்டாவின் அடிப்பகுதியில், வெடியைப் பற்றவைக்கும் பொட்டின் மேல், பின்னால் இருப்பதன் முனை முட்டிக்கொண்டிருக்கும். கூரான உலோக முனை இருந்தால் உதையின் அதிர்வில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிட வாய்ப்புண்டு. ஆகவே தட்டை முனைத் தோட்டா, அல்லது இதற்கென்றே வந்த மென்முனைத் தோட்டா மட்டும்தான் போட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்கப் பன்றி அந்த மண்ணைச் சேர்ந்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகளும் பின்னால் வேட்டைக்காக இறக்கிய ஐரோப்பியப் பன்றிகளும் கலந்து பெருகி, இன்று அறுபது லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டன. டெக்சாஸில் 2019 முதல் தனியார் நிலத்தில் இவற்றைச் சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. நம் காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. இரண்டு நாட்டுச் சட்டமும் வேறுபடுவதற்கு அடிப்படை இதுதான்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது

கப்பலில் கொண்டுவரும் எண்ணத்தை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். உரிமமில்லாமல் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி கொண்டுவந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்தில் குறைந்தது 7 ஆண்டு சிறை. சாதாரண ஆள் கடையில் சொல்லி இறக்குமதி செய்யவும் வழியில்லை. 1980-களின் நடுவிலிருந்து அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. அதற்குமுன் வந்த பழைய ரைஃபிள்கள்தான் உரிமம் உள்ளவர்களுக்குள் பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. உள்நாட்டில் கிடைப்பது இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 போன்றவை, அதுவும் லீவர் இல்லாத போல்ட் ஆக்ஷன்.

பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் கேட்க முடியும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அங்கே குறிப்பிட்டிருப்பது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிம அதிகாரி கருதினால் குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாத வேறு துப்பாக்கி தரலாம். ரைஃபிள் அந்த வரியில் இல்லை. குறி தப்பிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், நம் ஊர்களிலோ ஒரு நிலத்துக்கும் அடுத்த நிலத்துக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அரிது. அதனால் இந்தக் கட்டுப்பாடு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஏர்கன் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: .177-க்கு மேற்பட்ட துளையோ 20 ஜூலுக்கு மேற்பட்ட விசையோ இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும். பன்றியை அது வதைக்குமே தவிர விரட்டாது.

துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பிடிக்க முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இறைச்சியை வாங்கினாலும் வழக்குத்தான். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே, உரிமம் வைத்திருக்கும் ஆட்களைக் கொண்டு பன்றியைச் சுட அனுமதி தர முடிகிறது. அதைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவு இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டுமே. அதாவது உங்கள் நிலத்துக்கு வேண்டிய ரைஃபிள் வனத்துறையிடம் இருக்கிறது. அதை வரவழைப்பதுதான் உங்கள் வேலை.

வரவழைப்பது எப்படி

பாதி வேலையைத் திருவொற்றியூரில் இருந்தபடியே முடிக்கலாம். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் கையில் இருக்கட்டும். பட்டாவையும் சிட்டாவையும் அரசின் இணையச் சேவையில் எடுத்துவிடலாம். அடங்கலை அலட்சியம் செய்யாதீர்கள், அந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாமல் இழப்பீட்டு மனு நிற்காது.

அடுத்து, நிலத்திலிருந்து காப்புக்காட்டு எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்து பாருங்கள். எந்த வளையத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் என்ன கேட்பது என்று தெரியும். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் சுடச் சொல்லி மனு கொடுத்தால் காகிதம்தான் வீண். அவர் இழப்பீடும் வேலியும் கேட்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது, சேதமான அன்று காலையிலேயே படம் எடுப்பது. கிளறிய மண், குளம்புத் தடம், சாய்ந்த தட்டை, பின்னணியில் கிணறோ மரமோ தெரிகிற மாதிரி. ஏர் ஓட்டிய பிறகு எடுத்த படத்தால் பயனில்லை. மனுவைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். அது வனச்சரக அலுவலருக்குப் போக வேண்டும். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பணியாளர் ஆகியோர் கொண்ட ஊர் மட்டக் குழுவின் கருத்தைக் கேட்டுத்தான் அவர் முடிவெடுப்பார். தனி ஆளாக மனு கொடுப்பதைவிடப் பக்கத்து நிலத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கொடுப்பது நல்லது. ஒரு நிலத்தில் புகும் கூட்டம் பக்கத்து நிலத்தையும் விடாது என்பது குழுவுக்கும் தெரியும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். பாதிக்கு மேற்பட்ட நாட்கள் ஆலை விடுமுறையிலேயே வருகின்றன. ஊருக்குப் போய்ப் பன்றிச் சேதத்தைத் தீர்மானமாக்கிவிட்டு வாருங்கள். மனு நகர்வதில்லை என்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

அதுவரை பயிரைக் காப்பது

மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்துக் கம்பிவேலியில் விடும் கரண்ட்டை மட்டும் யாரும் செய்ய விடாதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக வைத்த அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன, விவசாயி கைதானார். இப்படிப்பட்ட கம்பிகளில் மாடுகளும் செத்திருக்கின்றன, இரவுக் காவலுக்குப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடியும் அப்படித்தான். பன்றிக்கென்று வைத்த வெடியை யானைக்குட்டி கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது.

சோலார் வேலி வேறு. அதில் வருவது விட்டுவிட்டு வரும் சிறு அதிர்வு, உயிரை எடுக்காது. அதன் எனர்ஜைசர் இந்தியத் தரநிலை ஐஎஸ் 302-2-76 முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி காட்டையொட்டிய பகுதியில் வேலியைப் பதிவு செய்ய வேண்டும். பன்றி கீழே நுழைகிற விலங்கு. யானைக்குப் போடுவதுபோல் உயரத்தில் கம்பி கட்டிப் பயனில்லை. கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும், புல் தொட்டால் அதிர்வு இறங்கிவிடும் என்பதால் அடிக்கடி செதுக்கிவிட வேண்டும்.

வேலிக்குப் பணமில்லாதவர்கள் மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு நாலு வரிசை போடலாம், பன்றிக்கு அது பிடிக்காது. பழைய புடவை கட்டுவதும் கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு பழகிவிடும். கதிர் பால் பிடிக்கிற அந்த இரண்டு மூன்று வாரமும் ஆள் காவலுக்கு ஈடு எதுவுமில்லை. ஊரில் ஆளில்லை என்றால் விடுப்பை அந்த வாரங்களுக்கு எடுத்து வையுங்கள்.

இன்று ஷிப்டு முடிந்ததும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். இந்தப் பருவத்துக்கு அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் நாளைக் காலை கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.