காசின் அழகு

நுழையும்முன்

காசு என்பது பொருள் வாங்குவதற்கு மட்டும் உரியதன்று. அது கையில் அடங்கும் வரலாற்று ஏடுமாகும். பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்போர் அவற்றின் அழகை எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? கண்ணுக்கு அழகாய்த் தோன்றாத காசு மதிப்பற்றதா? நாம் வாழும் கொல்கத்தா நகரமே இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

எது அழகு?

மாணவர்களே! உங்கள் முன்னே இரண்டு பழங்காசுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று பொற்காசு. அதில் மன்னன் ஒருவன் இருக்கையில் அமர்ந்து, மடியில் வைத்த வீணையை மீட்டுகிறான். மற்றொன்று சதுர வடிவான சிறிய செப்புக்காசு. அது களிம்பேறிக் கறுத்து, ஓரம் தேய்ந்து கிடக்கிறது. ஒன்றைமட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதனை எடுப்பீர்கள்? நம்மில் பெரும்பாலோரின் கை பொற்காசின் பக்கமே நீளும். அதில் தவறொன்றும் இல்லை. அழகை விரும்புவது மனித இயல்பு. ஆயினும், அழகை விரும்பினால் மட்டும் போதாது. அதனைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

கண் காணும் அழகு

வீணை மீட்டும் அம்மன்னன் சமுத்திரகுப்தன், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். அக்காலத்தில் உலோகவில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடித்துக் காசு உருவாக்கினர். கையால் அடித்தமையால் ஒரே அச்சில் பிறந்த இரு காசுகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. எனவே, காசு சேர்ப்போர் ஒவ்வொரு காசையும் தனித்தனியே ஆராய்வர்.

உருவம் காசின் நடுவில் அமைந்துள்ளதா, ஒருபுறம் ஒதுங்கியுள்ளதா என்பதை முதலில் நோக்குவர். அடுத்து, அச்சு ஆழமாகப் பதிந்துள்ளதா என்று காண்பர். பலர் கைகளில் புழங்கியதால் முகமும் எழுத்தும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதை அறிவர். இறுதியாக, அச்சினைச் செதுக்கிய கம்மியனின் கலைத்திறனை எண்ணிப் பார்ப்பர். விரல்நுனி அளவேயான இடத்தில் வீணையையும் அதனை மீட்டும் விரல்களையும் காட்டியவன் சிறந்த கலைஞனே அல்லனோ?

செப்புக்காசில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. அதுவே களிம்பு. செப்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கிப் பளபளக்கச் செய்வது நம் வீட்டு வழக்கம். பழங்காசையும் அவ்வாறு விளக்கலாமா? கூடாது. பல நூற்றாண்டுகளாக மெல்லச் சீராகப் படிந்த களிம்பைக் காசு சேர்ப்போர் அழகாகவே கருதுவர். அதனைத் தேய்த்து நீக்கினால் அதனோடு எழுத்தும் போய்விடும். பளபளப்பு வேறு, அழகு வேறு.

காளிகாட்டுப் புதையல்

நாம் மெட்ரோ தொடர்வண்டியில் கடந்து செல்லும் காளிகாட் பகுதியில் 1783ஆம் ஆண்டு ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் இருந்தன. அவை அப்போதைய தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் சேர்ந்தன. அவர் அவற்றை இலண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு அனுப்பினார். சில காசுகள் அங்குள்ள அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. எஞ்சியவற்றில் பல உருக்கப்பட்டன என்பர்.

அவை குப்தப் பேரரசின் இறுதிக்கால மன்னர்கள் வெளியிட்டவை. சமுத்திரகுப்தனின் காசுகளோடு ஒப்பிட்டால் அவற்றின் உருவங்கள் செப்பமற்றவை. பொன்னிலும் கலப்பு மிகுதி. ஆனால் அக்குறைகளே வரலாற்றுச் சான்றுகள். பேரரசு தளர்ந்தபோது கருவூலமும் தளர்ந்தது என்பதை அவை சொல்லாமல் சொல்கின்றன. குப்தர் என்னும் அரசமரபின் வரலாறு 1783இல் அறியப்படவில்லை. அக்காசுகளைப் படிப்போரும் இல்லை. ஆகவே அவை ஏடாக மதிக்கப்படவில்லை, பொன்னாக எடையிடப்பட்டன. உருகிய காசை மீண்டும் படிக்க இயலுமா?

எழுத்தின் அழகு

ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள பிரின்செப் படித்துறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது ஜேம்ஸ் பிரின்செப் என்பவரின் நினைவாக அமைக்கப்பட்டது. அவர் கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் அலுவலராகப் பணியாற்றினார். காசில் எவ்வளவு பொன், எவ்வளவு வெள்ளி என்று அளப்பது அவர் தொழில். எனினும் அவர் உலோகத்தோடு நின்றுவிடவில்லை. பழங்காசுகளிலும் கல்வெட்டுகளிலும் இருந்த எழுத்துகளை ஆராய்ந்து, 1837ஆம் ஆண்டு பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார்.

இனி, நாம் ஒதுக்கிவைத்த செப்புக்காசைக் கையில் எடுப்போம். அதில் ஒரு குதிரையின் உருவம் உள்ளது; பின்புறத்தில் கோடுகளால் அமைந்த மீன் உள்ளது. குதிரைக்கு மேலே தேய்ந்த சில எழுத்துகள் காணப்படுகின்றன. அவை தமிழ்ப் பிராமி எழுத்துகள். அவற்றைக் கூட்டிப் படித்தால் ‘பெருவழுதி’ என்னும் பெயர் கிடைக்கிறது. வழுதி என்பது பாண்டிய மன்னர்க்கு உரிய பெயர். சங்கப் பாடல்களில் புலவர்கள் பாடிய பெயர் காசிலும் வழங்கியது என்பதற்கு இச்சிறு செம்பே சான்று. இதனை 1980களில் அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்தவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. களிம்புக்கு அஞ்சி ஒதுக்கியிருந்தாலும், புளியிட்டுத் தேய்த்திருந்தாலும் பெருவழுதியின் பெயர் நமக்குக் கிடைத்திராது. கொல்கத்தாவில் ஒருவர் தொடங்கிய எழுத்தாராய்ச்சி, வைகைக்கரை மன்னனின் பெயரைப் படிக்கத் துணைசெய்தது என்பதும் நாம் மகிழத்தக்கதே.

வெட்டுப்பட்ட முகங்கள்

புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டு ஏறத்தாழ 500 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. அழகை மட்டும் நோக்குவோர் அதனைச் சிதைவு என்பர். அக்காசுகள் மீண்டும் நாணயமாக வழங்காதிருக்க இங்குள்ளோர் வெட்டினர் என்று அறிஞர் சிலர் கருதுவர். ஆயின், அவ்வெட்டு கடல் கடந்து வந்த காசின்மேல் தமிழ்மண் இட்ட அடையாளம் ஆகும்.

எனவே, பழங்காசை இருமுறை பார்த்தல் வேண்டும். முதன்முறை கண்ணால் பார்த்து, ‘அழகாக உள்ளதா?’ என வினவுக. இரண்டாம் முறை அறிவால் பார்த்து, ‘என்ன சொல்கிறது?’ என வினவுக. இரண்டாம் வினாவுக்கு விடை கிடைத்தபின் முதல் வினாவின் விடையும் மாறக்கூடும்.

அருஞ்சொற்பொருள்

களிம்பு – செம்பின்மேல் படியும் பச்சைநிறப் படிவு
கம்மியன் – உலோகத் தொழிலாளி
செப்பம் – திருத்தமான அமைப்பு
கருவூலம் – அரசின் பொருள் சேமிக்கும் இடம்
நாணயவியல் – காசுகளைப் பற்றிய ஆராய்ச்சித் துறை

பயிற்சி

1. பழங்காசின் அழகை மதிப்பிடக் காசு சேர்ப்போர் நோக்குவன யாவை?
2. பழங்காசைப் புளியிட்டு விளக்கலாகாது. ஏன்?
3. காளிகாட்டுப் புதையலால் நாம் அறியும் படிப்பினை யாது?
4. பிரித்து எழுதுக: பொற்காசு, செப்புக்காசு, சான்றுகளாகும்.
5. செயல்பாடு: ஊரிலிருக்கும் தாத்தா, பாட்டியிடம் ‘ஓட்டைக் காலணா’ பற்றிக் கேட்டறிக. அதன் நடுவில் துளை இருந்தது ஏன்? அத்துளை அழகா, குறையா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.