தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டியது யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

தேர்வு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரே பொருள்தான் உண்டு. எழுதியவர் தேறினாரா, தவறினாரா என்பதே அது. ஆனால் அண்மைக் காலத்தில் நம் பள்ளிகளுக்குள் நுழைந்திருக்கும் தேர்வுகளில் ஒரு வகை இப்பொருளுக்கு அடங்காதது. 2017 நவம்பர் 13 அன்றும் 2021 நவம்பர் 12 அன்றும் தேசிய அடைவு ஆய்வு நாடெங்கும் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று அதன் வழிவந்த 'பரக்' ஆய்வு 3, 6, 9 ஆகிய வகுப்புகளுக்கு நடந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவு ஆய்வை நடத்தியது. இவற்றில் ஒருவரும் தேறுவதில்லை; ஒருவரும் தவறுவதும் இல்லை. ஒரு வகுப்புக்கென வகுத்த கற்றல் விளைவுகளை மாணவர் எந்த அளவுக்கு எட்டியிருக்கின்றனர் என்று அளந்து பார்ப்பதே நோக்கமாகும்.

என் தம்பி எட்டாம் வகுப்பில் இந்த மாநில ஆய்வை எழுதிவிட்டு வந்தான். மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் அப்பா கேட்டது, "என்னடா, பாசா பெயிலா?" என்றுதான். அம்மா, "மார்க்கு எப்போ வரும்?" என்றார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "இது உன்னைச் சோதிக்கும் தேர்வு அன்று; உனக்குக் கற்பித்த முறையைச் சோதிக்கும் தேர்வு" என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. இதற்கு மாறாக, இத்தகைய ஆய்வு வருகிறது என்றதும் பல பள்ளிகளில் நடப்பது யாது? பாடம் நிற்கிறது. மாதிரி வினாத்தாள்கள் வருகின்றன. விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும் பயிற்சி நடக்கிறது. ஆயத்தமாக வேண்டிய பள்ளி அப்படியே இருக்க, பிள்ளைகள் மட்டும் ஆயத்தமாக்கப்படுகிறார்கள்.

இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்த எவருக்கும் இதிலுள்ள கோளாறு விளங்கும். கம்பியின் விட்டத்தை அளக்குமுன் சுழிப்பிழை உண்டா என்று பார்க்க வேண்டும். பின்னர் திருகை அளவுக்கு மீறி இறுக்கலாகாது. இறுக்கினால் கம்பி நசுங்கும், அளவும் பொய்க்கும். அதனைத் தடுக்கவே முனையில் ராட்செட் அமைத்திருக்கிறார்கள். நம் தேர்வுகளில் சுழிப்பிழையைப் பார்ப்பாரும் அரியர், ராட்செட்டும் இல்லை.

முதலில் சுழிப்பிழையைக் கூறுகிறேன். 2017இல் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழ்நாட்டின் பாடத்திட்டத்தைத் திருத்தியமைக்கும் பணியை மேற்கொண்டது. பாடத்திட்டம் உயர்ந்தது, நூல்களும் அழகுற அமைந்தன. அதில் குறை காண்பதற்கில்லை. 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. மறு ஆண்டே ஏனைய வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. என் வயதினர் அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தோம். ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் பழைய நூல்களில் முடித்துவிட்டு, 2019 ஜூனில் எட்டாம் வகுப்பின் புதிய நூலைத் திறந்தோம். புதிய எட்டாம் வகுப்பு நூலோ, புதிய ஆறையும் ஏழையும் படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நடுவிலே இரண்டு படிகள் இல்லாத ஏணியில் ஏறுவது போலாயிற்று எங்கள் நிலை. வீட்டில் படித்தவர் இருந்தால் அந்த இரண்டு படிகளை அவர் தூக்கிவிடுவார். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இலர்.

மாமல்லபுரத்து இரதங்களைப் பாருங்கள். சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள். ஆகவேதான் சில இரதங்களில் மேற்பகுதி முடிந்தும் அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. முழுப்பாறையில் அது கூடும். கல்வியில் கூடாது. அதனை அடியிலிருந்துதான் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் புதிய திட்டத்தைக் கொண்டுவர நெடுங்காலம் பிடிக்கும் என்பது உண்மையே. எனினும் இடையில் அகப்பட்ட வகுப்புகளுக்கு ஓர் இணைப்புப் பாடத்தையாவது முறையாக நடத்தியிருக்கலாம்.

அந்த ஆண்டிலேயே இன்னொன்றும் நேர்ந்தது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு நடத்தி மாணவரை நிறுத்திவைக்க இடமளிக்கும் திருத்தம் 2019 ஜனவரியில் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்டது. அதனையொட்டி இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு உண்டு என்று 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்க்கவே, 2020 பிப்ரவரி 4 அன்று அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட மாதங்களில் புதிய நூலின் அறிவியலைப் புரிந்துகொள்ளச் செலவிட வேண்டிய மாலை நேரமெல்லாம் பழகுத் தேர்வுக்குப் போயிற்று. "எட்டாவதிலேயே பெயிலானால் எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று எங்கள் ஊரில் சில பெற்றோர் பேசத் தொடங்கியிருந்தனர். பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் அப்பேச்சு முதலில் எழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து வந்த பெருந்தொற்றைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு செய்தியை மட்டும் கருதிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் 1. தேசிய அடைவு ஆய்வு நடந்த நாள் நவம்பர் 12. ஓராண்டுக்கு மேல் பள்ளியையே காணாத பிள்ளை, வந்த பன்னிரண்டாம் நாள் வினாத்தாளைக் கண்டது. அந்த ஆய்வு அளந்தது பள்ளியின் தரத்தையா, பூட்டிக் கிடந்த பள்ளியின் விளைவையா? இரண்டாவதை அளப்பதும் பயனுள்ளதே. ஆனால் எதை அளந்தோம் என்பதைச் சொல்லிவிட்டு அளவைக் காட்டுவதுதான் அறிவியல்.

அளவை எப்படிக் காட்டுகிறோம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29 அன்று. அதற்குமுன் நாம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சராசரியில் கலந்திருந்தோம். இப்போது நமக்கென ஒரு சராசரி கிடைக்கிறது. ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் இம்மாவட்டமே, செய்யூரும் இம்மாவட்டமே. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியும், கொக்கிலமேட்டு மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து போகும் இருளர் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. சூளை வேலை தை பிறந்த பின் மும்முரமாகும். பிப்ரவரியில் ஆய்வு நடந்தால், யாரை நாம் முதலில் அளக்க வேண்டுமோ அவர்களே வகுப்பில் இல்லாமற் போகக்கூடும். இல்லாதவர்களைச் சராசரி கணக்கிடுவதில்லை.

இனித் திருகை இறுக்குவதைப் பற்றிப் பார்ப்போம். இது புதிய நோயன்று. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் முன் பிள்ளைகள் வாசித்தும் எழுதியும் கணக்குப் போட்டும் காட்டுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என்பது ஏற்பாடு. விளைவு, பள்ளிகள் ஆய்வாளரின் வருகைக்காகவே நடந்தன. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். தாமே பள்ளி ஆய்வாளராயிருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கண்டித்து எழுதினார். நம் சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே போன்ற முடிவுநோக்கு மானியம் வழங்கப்பட்டது. தேர்வோடு பணத்தையோ, பெயரையோ, ஆசிரியரின் நிம்மதியையோ கட்டிவிட்டால் திருகு இறுகத் தொடங்கிவிடும். 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு நிறுத்தியது இவ்வகையில் நல்ல முடிவு. பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18இல் வந்த பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டதையும் என் தம்பியின் சார்பில் வரவேற்கிறேன். அதே வேளையில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிய பள்ளிகளால்தான் அத்தேர்வு வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவை மீண்டும் தாவினால் கேட்பவர் யார்?

இறுக்காமலும், சற்றும் ஆயத்தமின்றியும் அளந்து பார்த்தது ஒருமுறை நடந்தது. உலக அளவிலான பீசா தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 நாடுகளும் பகுதிகளும் அடங்கிய வரிசையில் இரு மாநிலங்களும் கடைசிக்குச் சற்று மேலே இருந்தன. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டது. அடுத்து வந்த 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. வினாக்கள் அயலானவை என்பதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் சொந்தச் சூழலிலிருந்து வினா எடுத்தாலும் நாம் இடறுவோம் என்பதே என் ஐயம். கடற்கரையில் ஏலம் போகும் மீன் கூற்றின் விலையை மனத்திலேயே பங்குபோட்டுச் சொல்லும் பிள்ளை, அதே கணக்கை 'விகிதம்' என்ற தலைப்பின்கீழ் கண்டால் திகைக்கிறது. பாடப்புத்தகத்தின் பின்பக்க வினாவுக்கு மட்டும் விடை எழுதிப் பழகியதால் வரும் திகைப்பு இது. புதிய பாடத்திட்டம் மாற்ற முயன்றது இதைத்தான்; புளூபிரிண்டை எடுத்ததும் இதற்காகத்தான். நூல் மாறிய வேகத்தில் கற்பிக்கும் முறை மாறவில்லை. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டிருக்கும் தொடக்கப் பள்ளியில் அது எப்படி மாறும்?

அப்படியானால் பள்ளியை ஆயத்தம் செய்வது எங்ஙனம்? 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எனக்குப் பிடித்த கூறு ஒன்று உண்டு. பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு மட்டும் பாராமல், அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டும் பிரித்துக் கற்பிக்கிறார்கள். சுழிப்பிழையைக் கண்டறிந்து கழித்துவிட்டு அளப்பதற்கு இது ஒப்பாகும். அதில் ஆசிரியருக்குப் பதிவேற்றும் வேலை மிகுதி என்ற குறை பரவலாக உண்டு. கேட்கப்பட வேண்டிய குறைதான். 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிய 'திறன்' திட்டமும் பின்தங்கியவர்களைக் கண்டு அவர்களுக்கெனக் கற்பிக்க முனைகிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் அந்த இரண்டு படிகளும் கிடைத்திருக்கும்.

மற்றொன்று, முடிவு திரும்பி வர வேண்டும். அளந்தவர் அளவைத் தலைநகரில் வைத்துக்கொண்டால் வகுப்பறைக்கு யாது பயன்? "உங்கள் ஐந்தாம் வகுப்பில் பின்னம் விளங்கவில்லை, வாசித்துப் பொருள் சொல்வது நன்று" என்ற அளவிலாவது பள்ளிக்கு, அடுத்த ஜூனுக்குள், எளிய தமிழில் செய்தி வர வேண்டும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து உரக்கப் படிக்க வேண்டும். அக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். அவர்களுள் பலர் என் அம்மாவைப் போல எழுத்தறியாதவர்கள். கூட்டம் நடக்கும் நாளில் நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இருவர் அங்கே சென்று, எண்களை விளக்கி, கேட்கும் கேள்விகளைக் குறித்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கலாம். திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் வரத் தயார். உடன் வர விரும்புவோர் இயற்பியல் துறையில் என்னைக் காணலாம்.