உரிமைப் பங்கும் ஓலைச் சான்றும்

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தை வகுப்பில் நடத்துந்தோறும் நாம் திருவெண்ணெய்நல்லூர் அவையில் சற்றே தங்குவது வழக்கம். நம்பியாரூரர் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலை முதியவரிடம் இருந்தது. ஆட்சி, ஆவணம், சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிறுவுமாறு அவையோர் கேட்டனர். பாட்டனார் கையெழுத்தைப் பிறிதோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். அந்த நிதானம் இன்று நம் வீடுகளில் இல்லை.

நம் பழைய மாணவி ஒருவர், தந்தை மறைந்து நாற்பது நாள் கழியுமுன், தமையன்மார் நீட்டிய விடுதலைப் பத்திரத்துடன் நம்மிடம் வந்தார். வீடு முழுவதும் மூத்தவருக்கே என வாப்பா வஸிய்யத் எழுதியுள்ளாராம். தங்கையின் கையொப்பம் வெறும் சடங்காம். (சடங்கிற்கு முத்திரைத்தாள் எதற்கு?)

சுன்னத் வல் ஜமாஅத்தினர்க்குரிய ஷரீஅத் சட்டப்படி, வாரிசு ஒருவருக்கே எழுதிய வஸிய்யத், எழுதியவரின் மறைவுக்குப்பின் ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. பிறருக்கு எழுதினாலும், அடக்கச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒன்றே வரம்பு. அதற்கு மேல் செல்லவும் அவ்விசைவு வேண்டும். ஆகவே அந்த வஸிய்யத்திற்கு இல்லாத வலிமையைத் தரவல்லது அம்மாணவியின் கையொப்பமே!

மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் உள்ள அக்குடும்பத்தில் சொத்தை 40 கூறாக்கினால் தாய்க்கு 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை என்பாரும் உளர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கியது உண்மையே; 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது.

வழக்கறிஞர் கட்டணத்திற்கு அஞ்சியே பலர் கையொப்பமிடுகின்றனர். 1987இல் இயற்றப்பெற்று 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியை வழங்குகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ விண்ணப்பிக்கலாம். இருதரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். அத்தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடும் இல்லை. வஸிய்யத் பதிவு செய்யப்பட்டதாயின், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்று மூலத்தோடு ஒப்பிடுவது முதற்பணி.

மாணவி கையொப்பமிடவில்லை. விண்ணப்பத்தை வெள்ளைத்தாளில் தாமே எழுதினார். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தியது மட்டுமே நம் பணி.