பழைய புல்லட் வண்டியின் வால்வு இடைவெளியைச் சரிசெய்தல்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன. வயலுக்குச் செல்லவும், விதை மூட்டை கொணரவும் அவை உதவுகின்றன. 1955-ஆம் ஆண்டு மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் கூடித் தொடங்கிய தொழில், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வளர்ந்தது. இரும்புச் சிலிண்டர் கொண்ட 350 சி.சி. வண்டிக்கே இங்குக் கூறப்படும் முறை பொருந்தும்.

இடைவெளியின் அவசியம்

காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை உள்ளே விடுவது ஒரு வால்வு. எரிந்த புகையை வெளியேற்றுவது மற்றொன்று. இவற்றை முறையே திறப்பவை புஷ்ராடு என்னும் இரு தண்டுகளாம். தண்டு மிகத் தளர்ந்திருப்பின் 'டக் டக்' என்னும் ஓசை மிகும்; வால்வு முழுதும் திறவாமையால் வலிமை குன்றும். மிக இறுகியிருப்பின் தீங்கு பெரிது. வால்வு தன் இருக்கையில் முற்றும் படியாது, அழுத்தம் கசியும், கிக்கர் பல முறை மிதித்தும் வண்டி கிளம்பாது. புகை வால்வு தன் சூட்டை இருக்கையின் வழியே கழிப்பதாகலின், படியாத வால்வு விரைவில் கருகிப்போம். பாவு நூல் தளர்ந்தால் நெசவு கெடும், இறுகினால் நூல் அறும் என்பதைத் தறிக்காரர் அறிவர், இங்கும் அவ்வாறே. ஓசைக்கு அஞ்சி இறுக்கிவிடுதலே பலரிடம் காணப்படும் பிழை.

சோதிக்கும் முறை

1. எஞ்சின் முற்றும் குளிர்ந்திருத்தல் வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது நலம்.

2. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றுக. சிலிண்டரின் வலப்புறம் உள்ள டாப்பெட் மூடியையும் எடுத்துவிடுக.

3. டாப் கியரில் இட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுழற்றுக. பிளக் துளைமேல் வைத்த விரலைக் காற்று தள்ளும்; அவ்வேகம் அடங்கும் இடத்தில் நிறுத்துக. அப்பொழுது இரு வால்வுகளும் மூடியிருக்கும். சிறிது முன்பின் ஆயினும் குற்றமில்லை.

4. ஒவ்வொரு தண்டையும் இரு விரல்களால் சுழற்றிப் பார்க்க. எளிதில் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது. இதுவே சரியான அளவு.

இவ்வெஞ்சினில் தண்டுகள் அலுமினியக் கலவையால் ஆனவை. சூட்டில் எஞ்சினோடு அவையும் நீளும். ஆதலால் பிற எஞ்சின்களைப்போல் குளிர்ந்த நிலையில் இடைவெளி விடவேண்டுவதில்லை.

சரிசெய்யும் முறை

தண்டின் அடியில் சரிசெய்யும் திருகும் அதனைப் பூட்டும் லாக் நட்டும் உள்ளன. ஒரு ஸ்பானரால் திருகைப் பிடித்து, மற்றொன்றால் நட்டைத் தளர்த்துக. திருகை வெளியே திருப்பினால் தண்டு நீண்டு இறுகும். உள்ளே திருப்பினால் தளரும். அளவு வந்தபின் திருகு நகராவண்ணம் பிடித்து நட்டை இறுக்குக. இறுக்கும்போதே அளவு மாறுவதுண்டு. ஆகவே மீண்டும் சுழற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. பின்னர்ச் சக்கரத்தைச் சில முறை சுற்றி, முன் கூறிய இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை சோதிக்க. மூடியின் நட்டை அளவிறந்து முறுக்கினால் மூடி நெளிந்து எண்ணெய் கசியும்.

எச்சரிக்கை

சூடான எஞ்சினில் அளவு வைத்தல் கூடாது. குளிர்ந்தபின் தண்டு இறுகிக்கொள்ளும். சரிசெய்த தண்டு அடிக்கடி தானே இறுகி வருமாயின், வால்வும் இருக்கையும் தேய்ந்து உள்ளிறங்குகின்றன என்று அறிந்து, வால்வு கருகுமுன் மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

2009-இல் வெளிவந்த கிளாசிக் வண்டியின் டாப்பெட் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்து கொள்வது. அதற்கு இம்முறை வேண்டா. கிணற்றடி ஆயில் எஞ்சினுக்கும் இவ்வளவு ஆகாது. அதனதன் கையேட்டில் கண்ட இடைவெளியைப் பீலர் கேஜ் கொண்டு அளந்தே வைத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் வண்டி நின்று தவிப்பதினும், ஓய்ந்த நாளொன்றின் காலையில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குதல் குடியானவர்க்கு லாபமாம்.